கடைசிப் பெயர்

புலம்பெயர்ந்த தமிழர் இருவர் முதன்முறையாகச் சந்தித்துக்கொண்டால் இரண்டு கேள்விகள் தவறாமல் எழும். முதலாவது, "ஊரில் எவ்விடம்?" என்பது. இரண்டாவது, "அங்கே என்ன செய்தீர்கள்?" என்பது. முதற் கேள்விக்கான விடை என்றும் மாறுவதில்லை. இரண்டாவதற்கு விடை சொல்லும்போதுதான் நமது வாழ்வின் பெரும்பகுதி இறந்தகால வினைமுற்றுக்குள் போய்விட்டதை உணர்கின்றோம். கொழும்பில் தமிழ்ப் பத்திரிகையொன்றின் ஆசிரிய பீடத்தில் 15 ஆண்டுகள் பணியாற்றிவிட்டு 2008இல் கனடாவுக்கு வந்த எனக்கு, 'பத்திரிகையாளனாக இருந்தேன்' என்ற அந்த ஒற்றை வாக்கியம் நாவில் இலகுவில் வரவில்லை.

எனினும், புதிய நாடொன்று ஒருவனிடமிருந்து முதலில் எடுத்துக்கொள்வது அவனது தொழிலை அல்ல, பெயரைத்தான். அதனைப் பற்றியே இங்கு எழுத விழைகின்றேன்.

இங்கு எந்தப் படிவத்தை எடுத்தாலும் அதில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று முதற்பெயருக்கு, மற்றையது கடைசிப் பெயருக்கு. கடைசிப் பெயர் என்பது குடும்பப் பெயர். தலைமுறை தலைமுறையாகத் தொடர்வது. நமக்கோ அப்படியொன்று இல்லை. தந்தையின் பெயர் முன்னே நிற்கும். தன் பெயர் பின்னே வரும். பெரும்பாலும் தந்தையின் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கி, ஒரு புள்ளியோடு அடங்கிவிடும். மகனுக்கு மகன் பிறந்ததும் அந்த எழுத்தும் விடைபெற்றுவிடும். ஒரு பெயருக்கு ஒரு தலைமுறைக் காலப் பணி. அவ்வளவுதான். எனது பூட்டனாரின் பெயரை நான் அறிந்துகொண்டது பழைய காணி உறுதியொன்றில் இருந்துதான்.

எனது கடவுச்சீட்டில் தந்தையாரின் பெயர் குடும்பப் பெயருக்கான இடத்தில் பதியப்பட்டிருந்தது. எனவே கனடாவில் நான் என் தந்தையாரானேன். வங்கியிலும் வைத்தியரின் வரவேற்பறையிலும் 'மிஸ்டர்' என்ற அடைமொழியோடு அவரது பெயரைச் சொல்லியே என்னை அழைக்கின்றனர். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் நமது வழக்கப்படி எனது பெயரே தந்தை, கணவன் பெயராக எழுதப்பட்டிருந்ததால், அவர்களுக்கு என் பெயர் கடைசிப் பெயராயிற்று. ஒரே கூரையின் கீழ் வாழும் எமக்கு இரண்டு குடும்பப் பெயர்கள். பிள்ளைகளின் பாடசாலைக்குப் போனால், தந்தைக்கும் மகளுக்கும் ஏன் வெவ்வேறு கடைசிப் பெயர்கள் என்பதை ஆசிரியைக்கு விளக்க வேண்டியிருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் உங்களில் யாருக்கும் குடும்பப் பெயர் இல்லையா?" என்று வினவினார். அதற்குச் சுருக்கமான விடையொன்று என்னிடம் இருக்கவில்லை.

ஆரம்பத்தில் இது எரிச்சலூட்டியது உண்மை. என்னைக் கேட்காமலேயே என் பெயரைப் புரட்டிப்போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் சற்று ஆறுதலாக யோசித்தபோது, பெயரோடு நான் அவ்வளவு சுமுகமாக வாழ்ந்த காலமென்று ஒன்று ஊரிலும் இருந்ததா என்ற ஐயம் எழுந்தது.

போர்க்காலக் கொழும்பில் வாழ்ந்த தமிழர்களுக்கு இதனை விவரிக்கத் தேவையில்லை. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டினால், அதிலுள்ள பெயரும் பிறந்த இடமும் நமக்கு முன்பே பேசத் தொடங்கிவிடும். பத்திரிகையாளனுக்கோ இரட்டிப்புச் சங்கடம். 2000 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன், 2004 மே மாதத்தில் மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன், 2005 ஏப்ரலில் கொழும்பில் தர்மரத்தினம் சிவராம் என ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்பட்டபோது, எழுதியவரின் பெயர் என்பது அச்சில் பார்த்து மகிழும் விடயமாக இருக்கவில்லை. 'எமது நிருபர்' என்ற இரண்டு சொற்களுக்குப் பின்னால் நாங்கள் பலர் ஒதுங்கிக்கொண்டோம். புனைபெயர்களை மாற்றி மாற்றி எழுதினோம். கட்டுரை நன்றாக இருக்கிறது என்று யாராவது பஸ்ஸில் பேசிக்கொண்டால், அதனை எழுதியவன் அருகில் நின்றும் வாய் திறக்கமாட்டான். நான் நாட்டைவிட்டுப் புறப்பட்டபோது, எனது சொந்தப் பெயரில் ஒரு வரியேனும் அச்சாகி மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன.

இந்தப் பின்னணியோடுதான் கனடாவில் வேலை தேடினேன். 'கனேடிய அனுபவம் உண்டா?' என்ற கேள்வி ஒவ்வொரு வாசலிலும் காத்திருந்தது. அனுபவம் இல்லாதவனுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்கு அனுபவம் ஏது? இக்கேள்வி மனித உரிமைக்கு முரணாக அமையலாம் என ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு 2013இல் கொள்கை அறிக்கையொன்றை வெளியிட்டது. பின்னர் 2024இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, 25 பேருக்குக் குறையாத பணியாளரைக் கொண்ட நிறுவனங்கள் தமது வேலை விளம்பரங்களில் கனேடிய அனுபவத்தைக் கோருவதை 2026 ஜனவரி 1 முதல் தடைசெய்கின்றது. எனது தலைமுறைக்கு இது காலந்தாழ்ந்த நீதிதான். எனினும் பின்னால் வருவோருக்குப் பயன்படுமெனில் மகிழ்ச்சியே.

தொழிற்சாலையொன்றில் இரண்டு ஆண்டுகள் பெட்டி அடுக்கிய பின்னர் பாதுகாப்புக் காவலர் வேலைக்குப் போனேன். 2010இல் ஒன்ராறியோ மாகாணம் அவ்வேலைக்கு 40 மணிநேரப் பயிற்சியையும் பரீட்சையையும் கட்டாயமாக்கியிருந்தது. அந்த வகுப்பில் குறிப்பேடு எழுதும் முறை பற்றி ஒரு பாடம் நடந்தது. யார், என்ன, எங்கே, எப்போது, எப்படி என்பவற்றை எழுத வேண்டும். கண்டதை மட்டும் எழுத வேண்டும், கருதியதை எழுதக்கூடாது. பக்கத்தைக் கிழிக்கக்கூடாது. பிழை நேர்ந்தால் அழிக்காமல் ஒற்றைக் கோட்டால் வெட்டி, பக்கத்தில் கையொப்பமிட வேண்டும். பயிற்றுநர் இவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிவந்தபோது என்னையறியாமலே எனக்குச் சிரிப்பு வந்தது. கொழும்பில் எனது முதலாவது செய்தி ஆசிரியர் கற்றுத்தந்த பாடமும் ஏறக்குறைய இதுவேதான்.

ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வரவேற்புக்கூடத்தில், பனிக்கால இரவுகளில் அந்தக் குறிப்பேட்டை எழுதிக்கொண்டிருந்த வேளைகளில்தான் ஓர் உண்மை மெல்லப் புலப்பட்டது. பதவியும் ஊடக அடையாள அட்டையும் பத்திரிகை நிறுவனம் தந்தவை. அவை அங்கேயே தங்கிவிட்டன. பார்ப்பதும், சரிபார்ப்பதும், சுருக்கமாக எழுதுவதும் எனக்குச் சொந்தமானவை; அவை என்னோடு விமானம் ஏறிவந்துவிட்டன. ஒரு நாட்டில் இழந்தது எது, கொண்டுவந்தது எது என்று கணக்குப் பார்க்கத் தெரிந்தவனுக்கு மற்றொரு நாட்டில் வாழ்வது அவ்வளவு கடினமில்லை. கணக்குப் பாராமல் எல்லாமே போய்விட்டது என்று புலம்புவோரையும், எதுவுமே போகவில்லை என்று பாவனை செய்வோரையும் இங்கு நிறையவே சந்தித்திருக்கின்றேன். இரு சாராரும் ஒரேயளவு களைத்துப்போயிருக்கின்றனர்.

இன்னொன்றும் நடந்தது. எனது சீருடையில் பெயர்ப் பட்டியொன்று குத்தப்பட்டிருந்தது. ஊரில் ஒளித்துவைத்த பெயர் இங்கே நெஞ்சிலே பளிச்சென்று தெரிந்தது. ஆனால் அதில் இருந்தது கடைசிப் பெயர் மட்டுமே. அதாவது, என் தந்தையார்.

அவர் வடமராட்சியில் ஆசிரியராக இருந்தவர். ஏ9 பாதை மூடப்பட்டிருந்த 1999இல் காலமானார். செய்தி எனக்குக் கிடைத்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அவருக்கு நான் கொள்ளி வைக்கவில்லை. அப்படிப்பட்ட ஒருவரின் பெயரை, அவர் காணாத ஒரு தேசத்தில், அவரை அறியாத மனிதர்கள் தினமும் உரக்க அழைத்தார்கள். எழுத்துகளை முன்பின்னாக உருட்டித்தான் அழைத்தார்கள். ஆயினும் அழைத்தார்கள். ஒவ்வொரு முறையும் நான் எழுந்து நின்று பதில் கொடுத்தேன். எரிச்சல் எந்த ஆண்டில், எந்த மாதத்தில் என்னைவிட்டுப் போயிற்று என்று சரியாகச் சொல்ல முடியவில்லை.

கடந்த ஆண்டு மகளுக்குத் திருமணமாயிற்று. கணவனின் பெயருக்கு மாறுவதா என்ற பேச்சு வந்தபோது, "இல்லை அப்பா, இது உங்கட பெயர். நான் ஏன் விடவேணும்?" என்றாள். நமது ஊர் வழக்கில் ஓர் எழுத்தாகிச் சில காலத்தில் மறைந்துபோயிருக்க வேண்டிய எனது பெயர், இந்நாட்டு வழக்கினால் அவளோடும், ஒருவேளை அவளது பிள்ளைகளோடும் தொடரப்போகின்றது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் அன்றிரவு மற்றொரு கணக்கும் மனதில் ஓடியது. பிள்ளைகள் சுமப்பது என் பெயரை. தந்தையாரின் பெயரைக் கடைசிப் பெயராகச் சுமப்பவன் இந்நாட்டில் நான் ஒருவனே. எனக்குப் பிறகு எந்த வரவேற்பறையிலும் அவரை யாரும் அழைக்கப்போவதில்லை. எனவேதான் இப்போதெல்லாம் அழைப்பவர் அப்பெயரைத் தவறாக உச்சரித்தால், வெட்கப்படாமல் நின்று, எழுத்தெழுத்தாகத் திருத்திச் சொல்லிக்கொடுக்கின்றேன். அழைக்கும் வரையிலாவது அது சரியாக அழைக்கப்படட்டும்.