கூப்பிடு தூரத்தில் ஒரு வனக் காட்சி

வன விலங்குப் படமென்றால் கண் கொட்டாமல் பார்க்கிறீர்கள் அல்லவா? மார்கழியில் ஒரு நாள் விடிகாலை, குழந்தைகளுடன் தாம்பரத்தில் வேளச்சேரி பஸ் ஏறுங்கள். பள்ளிக்கரணை தாண்டியதும் வலப்புறம் சதுப்பு நிலம். டிக்கெட் இல்லாத படம்!

கோரைக்குள் நீலத் தாழைக்கோழி நடை பயிலும். பூநாரை வந்திருந்தால், தலையைக் கவிழ்த்துச் சேற்று நீரை அலசும். நீளவால் இலைக்கோழி இனத்திலே முட்டையிடுவதோடு பெண்ணின் வேலை தீர்ந்தது; அடைகாப்பது, குஞ்சு வளர்ப்பது எல்லாம் ஆண்தான். வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்களேன்!

2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இந்தச் சதுப்பு நிலத்தில் பெரும்பகுதியைக் கட்டடங்களும் பெருங்குடிக் குப்பைமேடும் முன்பே விழுங்கிவிட்டன. தென்சென்னையின் மழைநீர் வந்து தங்குமிடம் இது. மிச்சமும் போனால், 2015 டிசம்பர் போல வெள்ளம் தங்க வருவது நம் வீட்டுக் கூடத்துக்குத்தான்.