கோபத்தில் கார் வாங்கக் கூடாது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் மூன்று பேர் சூலூரிலிருந்து கோவைக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போனோம். சாதாரண கார் இல்லை. இரண்டே சீட், பட்டனை அழுத்தினால் கூரை மடங்கிப் பின்னால் போகும் ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். 2012 மாடல், மூன்று ஓனர் மாறியது, புதுச்சேரி நம்பர். விலை 24 லட்சம் என்றார்கள்.

வாங்க ஆசைப்பட்டது தம்பி. ஐடி வேலையில் இருக்கிறான். அவனுடைய அம்மா, எங்கள் சித்தி, 22 வருடம் விசைத்தறியில் நின்று வேலை பார்த்தவர். கூட வந்தது எங்கள் காலனி அண்ணன். வெளிநாட்டுக் கார்களை 18 வருடமாகப் பிரித்துப் பூட்டுகிறவர். மூன்றாவது ஆள் சமூகவியல் படித்துவிட்டு சமூகப் பணியில் இருப்பவர், கையில் ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும்.

"எதுக்கு இந்த ஆடம்பரம்?" என்று தோழர்கள் கேட்பீர்கள். நாங்களும் அவனிடம் கேட்டோம். "எங்க தாத்தா சைக்கிள்ல இருந்து இறங்கித் தள்ளிட்டுப் போன ரோட்டுல நான் இதை ஓட்டிட்டுப் போவேன்" என்றான். அதற்கு மேல் எங்களிடம் கேள்வி இல்லை. கொங்கு கிராமங்களில் அருந்ததியர் செருப்புப் போட்டுக்கொண்டு, சைக்கிளில் உட்கார்ந்துகொண்டு ஊர்த்தெருவைக் கடக்க முடியாமல் இருந்தது நம் தாத்தாக்கள் சொல்லிக் கேட்ட கதைதான். அது முடிந்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள்.

நம் பகுதிக்கு மோட்டார் வரலாறு ஒன்று உண்டு. ஜி.டி.நாயுடு பிறந்த கலங்கல் சூலூருக்குப் பக்கம்தான். ஒரு பிரிட்டிஷ் அதிகாரியின் மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். 1920-ல் பொள்ளாச்சி - பழனி பஸ் விட்டவர். 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர். செட்டிபாளையத்தில் ரேஸ் டிராக்கே இருக்கிறது. இந்தப் பெருமைக் கதைகளில் வண்டி கழுவியவர்கள், கிரீஸ் அடித்தவர்கள், பஞ்சர் ஒட்டியவர்கள் வருவதில்லை. எங்கள் அண்ணன் அந்த வரிசையில் வந்தவர்.

ஷோரூமில் எங்களைப் பார்த்ததும் வந்த முதல் கேள்வி, "எந்த ஊருங்க தம்பி?"

"சூலூருங்க."

"சூலூர்ல எந்தப் பக்கமுங்க?"

இந்த இரண்டாவது கேள்வி எதற்கு என்று இதைப் படிக்கும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தம்பி தெருவின் பெயரைச் சொன்னான். அவர் முகம் மாறியது. அண்ணனைக் காட்டி, "டிரைவருங்களா?" என்றார். அண்ணன் பதில் சொல்லாமல் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தது. "நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்காங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணாத்தான் அதோட சத்தமும் புகையும் தெரியும்" என்று எங்களிடம் மெதுவாகச் சொன்னார்.

அதற்குள் அந்த மனிதர் தம்பியிடம், "இது உங்களுக்கு ஒத்து வராதுங்க. மெயின்டனன்ஸ் ஜாஸ்தி. பின்னாடி சின்ன வண்டிக நிக்குது, பாக்கறீங்களா?" என்றார்.

தம்பி உடனே போனை எடுத்தான். "அட்வான்ஸ் எவ்வளவுங்க? 50 ஆயிரம் இப்பவே அனுப்பறேன்."

எங்களுக்கும் அந்த நிமிடம் அதுதான் சரி என்று பட்டது. அவன் முகத்தில் பணத்தை வீசி எறியலாம் என்று இருந்தது. அண்ணன் மட்டும் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தார். "கண்ணு, வா. ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்."

டீக்கடையில்தான் அம்பேத்கர் நினைவுக்கு வந்தார். 1929-ல் அவர் சாலிஸ்காவ் போனபோது, தீண்டத்தகாதவருக்கு வண்டி ஓட்ட மாட்டோம் என்று டோங்காக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். விருந்தாளியை நடத்திக் கூட்டிப்போவது தங்களுக்கு மரியாதை இல்லை என்று நினைத்த மகர் மக்கள், டோங்காவை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கமில்லாத தங்களில் ஒருவரையே ஓட்டச் சொன்னார்கள். பாலத்தில் வண்டி நிலைதடுமாறி அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. தன் மரியாதையைக் காப்பாற்ற நினைத்தவர்கள் தன் உயிரையே ஆபத்தில் வைத்துவிட்டார்கள் என்று பின்னால் அவரே எழுதினார். அந்த மக்கள்மேல் அவருக்குக் கோபமில்லை. ஆனால் நடந்ததை மறைக்காமல் எழுதி வைத்தார். நமக்காகத்தான்.

தம்பி டீயை முடித்துவிட்டு, "சரி, முழுசாப் பாக்கலாங்கண்ணா" என்றான்.

அதன் பிறகு இரண்டு மணி நேரம். நோட்டில் எழுதியது இதுதான். பெயிண்ட் கனம் அளக்கும் கருவியை வைத்தால் கம்பெனி பெயிண்ட் 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டும்; வலது பின்பக்கம் 400-ஐத் தாண்டியது. அடி வாங்கி, பட்டி பூசிய இடம். டயரில் இருக்கும் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். மூன்று டயர் 2017, ஒன்று 2021. கூரை ஒருமுறை பாதியில் நின்றது. கடைசியாக அண்ணன் ஸ்கேனரைச் செருகினார். மீட்டரில் 43 ஆயிரம் கிலோமீட்டர். ஆனால் உள்ளே பதிவாகியிருந்த ஒரு பழைய கோளாறு 71 ஆயிரம் கிலோமீட்டரில் வந்ததாகக் காட்டியது. மீட்டரைத் திருப்பியவர்கள் இதை அழிக்க மறந்திருக்கிறார்கள்.

காகிதத்திலும் சிக்கல். ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு நீக்கப்படவில்லை. அதற்கு வங்கியின் கடிதமும் படிவம் 35-ம் வேண்டும். புதுச்சேரியிலிருந்து தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28, வேண்டும். இங்கே மறுபதிவு செய்து சாலை வரியும் கட்ட வேண்டும். அந்த விலையில் இது எதுவும் சேரவில்லை.

அண்ணன் ஸ்கேனர் திரையை அந்த மனிதரிடம் காட்டினார். எதுவும் பேசவில்லை. "அண்ணா, ரெண்டு லட்சம் கொறச்சுக்கலாங்க" என்றார் அவர். டிரைவர் அண்ணாவாகிவிட்டார்.

"வேண்டாங்க" என்றான் தம்பி.

திரும்பி வரும்போது யாரும் அதிகம் பேசவில்லை. சாதி நம்மை இரண்டு விதமாக ஏமாற்றுகிறது. "உனக்கு இது எதற்கு" என்று சொல்லி வாங்கவிடாமல் செய்வது ஒன்று. அந்தச் சொல்லாலேயே நம்மைச் சீண்டி, ஓட்டை வண்டியை முழு விலைக்குத் தலையில் கட்டுவது இன்னொன்று. கார் மட்டுமல்ல, கல்லூரி, வீட்டுமனை, கல்யாண மண்டபம், வங்கிக் கடன் எல்லாவற்றிலும் இது நடக்கிறது. நம் அம்மாக்கள் நின்று சம்பாதித்த பணம் நம் கோபத்தின் வழியாக வெளியே போகிறது.

ஆகவே தோழர்களே, ஆசைப்படுங்கள். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்காதீர்கள். ஆனால் வேலை தெரிந்த நம் அண்ணன் ஒருவரைக் கூடவே கூட்டிப்போங்கள். ஸ்கேனர் போட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

தம்பி இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறான். அடுத்த வாரம் ஈரோட்டில் ஒரு வண்டி பார்க்கப் போகிறோம். இந்த முறை, இன்ஜினைத் தொடக்கூடாது என்று முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டோம்.

ஜெய்பீம்!