முதுகுக்குப் பின்னால் மழை

மயூர் விஹாரில் ஹோம் தியேட்டர் வாங்குவது பெரிய காரியமில்லை. யமுனையைத் தாண்டி, செங்கோட்டைக்கு எதிரே உள்ள லஜ்பத் ராய் மார்க்கெட்டுக்குப் போய்ப் பேரம் பேசத் தெரிந்தால் போதும். பெட்டிகள் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் பிரச்சினை ஆரம்பமாகிறது. முன்பக்க ஸ்பீக்கர்கள் டி.வி.க்கு இருபுறமும் சமர்த்தாக உட்கார்ந்துகொள்கின்றன. பின்பக்கத்து இரண்டை எங்கே வைப்பது?

தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த ஆசை பழசு. 1995இல் 'குருதிப்புனல்' டால்பி ஒலியோடு வந்தது. மறு வருடம் 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ். ஒலியோடு வந்தது. தியேட்டரில் முதுகுக்குப் பின்னால் கேட்ட சத்தம் வீட்டிலும் கேட்க வேண்டும் என்று அப்போதே பலருக்குத் தோன்றிவிட்டது.

கடைக்காரர்களின் யோசனைகள் இரண்டு வகை. 'பின்னால் எதை வைத்தாலும் போதும்' என்பது ஒன்று. 1987இல் வந்த டால்பி புரோ லாஜிக் காலத்தில் இது சரி. அதில் பின்பக்கத்துக்கு ஒரே ஒலித்தடம்தான். அதுவும் 7,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். டிவிடியோடு வந்த 5.1 முறையில் பின்பக்க ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக முழு ஒலித்தடம் உண்டு. மட்டமான ஸ்பீக்கரின் குட்டு உடனே வெளிப்பட்டுவிடும்.

'பெரிசா வாங்குங்க சார்' என்பது இன்னொன்று. இதுவும் வீண் செலவு. சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலியை சப்வூஃபர் பார்த்துக்கொள்ளும். நாலைந்து அங்குல கோன் உள்ள சின்னப் பெட்டியே ஒரு ஃபிளாட்டுக்குத் தாராளம். முன்பக்க ஸ்பீக்கர்களின் வரிசையிலேயே வாங்குவதுதான் முக்கியம். இல்லாவிட்டால் முன்னாலிருந்து பின்னால் பறக்கும் ஹெலிகாப்டர் பாதி வழியில் குரல் மாறும்.

அளவைவிட இடம்தான் பெரிய சங்கதி. காதுக்கு நேர் பக்கவாட்டிலிருந்து சற்றே பின்தள்ளி, காது மட்டத்துக்கு இரண்டு மூன்று அடி மேலே இருக்க வேண்டும் என்பது நிபுணர்கள் சொல்லும் கணக்கு. ஆனால் சின்ன ஹாலில் சோபா பின்சுவரை ஒட்டித்தான் கிடக்கும். 'பின்னால்' என்று ஒரு இடமே அங்கு இல்லை. வீட்டுக்காரர் சோபாவை இரண்டடி முன்னே இழுக்கச் சொல்வார். வீட்டுக்காரம்மா, நடப்பதற்கு வழி எங்கே என்பார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. சோபா நகராது என்றால் ஸ்பீக்கர்களைப் பக்கச் சுவர்களில், உயரத்தில் மாட்டுவதே வழி.

அடுத்தது தூரம். முன் ஸ்பீக்கர் 11 அடியிலும் பின் ஸ்பீக்கர் 4 அடியிலும் இருந்தால், பின்னால் வரும் ஒலி ஆறு மில்லி செகண்ட் முந்திக்கொள்ளும். சத்தமும் கூடுதலாகக் கேட்கும். ரிசீவரில் தூரத்தையும் அளவையும் சரியாகப் பதிந்தால் இது தீரும். ஒரு டேப்பும் அரை மணி நேரமும் போதும். விலையுயர்ந்த செட் வைத்திருக்கும் பல வீடுகளில் நடக்காத வேலை இதுதான். ஒயரே வேண்டாம் என்று வயர்லெஸ் ஸ்பீக்கர் வாங்குபவர்களும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அதில் பல ரகங்களுக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் வேண்டும்.

கடைசியாக, சுவருக்கு அந்தப் பக்கம். ஹாலின் சுவர் பல ஃபிளாட்டுகளில் பக்கத்து வீட்டுக்கும் சுவர். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையோ, தூக்கம் வராத பெரியவரோ அங்கே இருக்கலாம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபல்தான் வரம்பு. அதிர்வு எளிதில் கடந்து போகும் பொதுச் சுவரில் ஆணி அடித்து ஸ்பீக்கர் மாட்டாமல் இருப்பது உத்தமம்.

சத்தம் போடுவது பின்பக்க ஸ்பீக்கரின் முழு நேர வேலையும் இல்லை. படத்தில் மழை பெய்யும்போது ஸ்பீக்கர் ஞாபகம் வராமல் மழை ஞாபகம் மட்டும் வந்தால் அது நல்ல ஸ்பீக்கர். மறுநாள் காலை பக்கத்து வீட்டுக்காரர் லிஃப்டில் சிரித்த முகத்தோடு வணக்கம் சொன்னால், வைத்த இடமும் சரி.