நாலு பேர் போட்டுக்கட்டும்!

எனக்கு ஊசி என்றால் பயம். சாதாரணப் பயம் இல்லை... நர்ஸ் பஞ்சை எடுக்கும்போதே ‘ஆ’ என்று கத்திவிடுகிற ரகம். இதை ஆபீசில் வெளியே சொல்ல முடியுமா? அதனால் 2021 மார்ச்சில் கொரோனா தடுப்பூசி பற்றிப் பேச்சு வந்தபோது, நான் விஞ்ஞானி ஆகிவிட்டேன்.

‘‘கோவாக்சினுக்கு ஜனவரி 3-ம் தேதியே அனுமதி கொடுத்துட்டாங்க சார். மூணாவது கட்டப் பரிசோதனை ரிசல்ட்டே அப்ப வரலை, தெரியுமா?’’ என்று லஞ்ச் டைமில் எடுத்துவிட்டேன். (உண்மைதான். ஆனால், கோவிஷீல்டுக்கு வெளிநாட்டில் ரிசல்ட் வந்திருந்த சமாசாரத்தைத் தயிர்சாதத்தோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.)

‘‘அதைப் போட்டா குழந்தையே பிறக்காதாமே?’’ என்றார், கல்யாணம் நிச்சயமாகியிருந்த டெஸ்பாட்ச் கிளார்க். அவருக்கு வயசு 27. அந்த வயசுக்காரர்களுக்கு அப்போது ஊசி கேட்டாலும் போட மாட்டார்கள். இருந்தாலும் மனுஷர் பயந்தார்.

எங்கள் ஹெட் கிளார்க்குக்கு 58 வயசு, சர்க்கரை வேறு. அவர் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். டிபன்பாக்ஸை மூடியபடி தீர்ப்பு சொன்னார்: ‘‘எதுக்கு அவசரம்? முதல்ல நாலு பேர் போட்டுக்கட்டும்... பார்க்கலாம்!’’

அந்த நாலு பேர் யார் என்று யாருமே கேட்கவில்லை. பக்கத்து ஆபீசில் எங்களை அந்த நாலு பேர் என்று நினைத்துக்கொண்டு காத்திருந்தார்களோ, என்னவோ!

அன்றைக்கு வீட்டுக்குப் போனால், அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தார். 66 வயசு, பி.பி. உண்டு. ‘‘60 தாண்டினவங்களுக்குப் போடறாங்களாம்டா. போயிட்டு வந்துடலாமா?’’

அப்பாவின் கையில் அம்மை குத்திய தழும்பு இரண்டு இருக்கும். அவர் சின்னப் பையனாக இருந்தபோது கிராமத்துக்கு அம்மை குத்துகிறவர் வந்தாராம். பாட்டி பதறிப்போய் பிள்ளையைத் தூக்கி நெல் குதிருக்குள் இறக்கிவிட்டாள். உள்ளே இருந்த தூசியில் பிள்ளை போட்டது பாருங்கள் ஒரு தும்மல்! குதிரோடு மாட்டிக்கொண்டார். பாட்டிக்கு மாரியாத்தா கோபித்துக்கொள்வாளே என்று ஒரு வாரம் தூக்கமில்லை. 1977-ல் இந்தியாவில் பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று அறிவித்தபோது, அந்தத் தும்மலால்தான் ஒழிந்தது என்கிற மாதிரி அப்பா பேசுவார்.

அப்பேர்ப்பட்டவரிடம் நான் சொன்னேன்... ‘‘கொஞ்சம் பொறுங்கப்பா. நாலு பேர் போட்டுக்கட்டும்.’’

மறுபேச்சு பேசாமல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். படித்த பிள்ளை சொல்கிறானே!

ஏப்ரலில் மறுபடி கேட்டார். சரி, திங்கட்கிழமை போகலாம் என்று நாள் குறித்தோம். அந்த வாரம் 15-ம் தேதி நடிகர் விவேக் சென்னை அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு, ‘எல்லாரும் போட்டுக்கணும்’ என்று டி.வி.யில் பேசினார். 17-ம் தேதி விடியற்காலை மாரடைப்பால் இறந்துபோனார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு. ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். பிற்பாடு மத்திய அரசின் நிபுணர் குழுவும் அதையேதான் சொன்னது. ஆனால் அன்றைக்கு யார் காதில் ஏறும்? நம்மைச் சிரிக்க வைத்தவர், நம்மையும் போட்டுக்கொள்ளச் சொன்னவர், இரண்டே நாளில் போய்விட்டார். திங்கட்கிழமை நாங்கள் எங்கேயும் போகவில்லை. உள்ளூர எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. இப்போது எழுதவே கூசுகிறது.

மே இரண்டாவது வாரம் எனக்கு ஜுரம். மூன்றாம் நாள் அப்பாவுக்கு. எனக்கு நாக்கில் ருசி போனதோடு சரி. அப்பா விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 94 காட்டியது, பிறகு 91, பிறகு 88. மெஷின்தான் ரிப்பேர் என்று என் விரலில் மாட்டிப் பார்த்தேன். 98!

ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. உள்ளே ஒரு பெட் காலியானால் ஒரு வண்டி நகரும். ஐந்து மணி நேரம். ஆக்சிஜன் மாஸ்க்குக்கு மேலே அப்பாவின் கண்கள் மட்டும் தெரிந்தன. ‘ஏன்டா நிறுத்தினே’ என்று கேட்பார், கேட்பார் என்று பதில் தயார் செய்துகொண்டே இருந்தேன். கேட்கவே இல்லை. ‘‘சாப்பிட்டியாடா?’’ என்று சைகை காட்டினார்.

13 நாள் கழித்து அப்பா வீடு திரும்பினார். ஹெட் கிளார்க் திரும்பவில்லை. அவரைக் கடைசியாகத் தூக்கிப் போனவர்கள் நாலு பேர்தானாம். கவச உடைக்குள் யார் முகமும் தெரியவில்லை என்று அவர் மகன் போனில் சொன்னான். அவர் மேஜை டிராயரில் சர்க்கரை மாத்திரை அட்டை ரொம்ப நாள் கிடந்தது.

அதற்குள் ஊரே தலைகீழ்! ஜூனில் ஜனங்கள் விடியற்காலையிலேயே வரிசையில் நின்றார்கள். முகாம் வாசலில் ‘தடுப்பூசி இருப்பு இல்லை’ என்று போர்டு. கோவளத்தில் ஊசி போட்டுக்கொண்டால் பிரியாணி, குலுக்கலில் பரிசு என்று ஆசை காட்டினார்கள். நீலகிரியில் செப்டம்பரில், சான்றிதழ் இருந்தால்தான் டாஸ்மாக்கில் சரக்கு என்றார்கள். (எத்தனை பேருக்கு அன்றைக்குத்தான் விஞ்ஞானத்தின் மேல் நம்பிக்கை பிறந்ததோ!) நாங்கள் இரண்டு பேரும் வேடிக்கைதான் பார்க்க முடிந்தது. கொரோனா வந்து குணமானவர்கள் மூன்று மாதம் கழித்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டும் என்று விதி.

செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. தமிழ்நாடு முழுக்க 40,000 முகாம். 20 லட்சம் பேருக்குப் போட நினைத்து, ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேல் போட்டார்கள். அதில் நாங்களும் இருந்தோம். எங்கள் பேட்டை கார்ப்பரேஷன் ஸ்கூலில், ஒண்ணாங்கிளாஸ் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம்.

‘‘யாரு சார் முதல்ல?’’ என்றார் நர்ஸ்.

அப்பா எழுந்தார். ‘‘எனக்குப் போடும்மா. இவன் நாலு பேர் போட்டுக்கட்டும்னு பார்ப்பான்.’’

நாலு மாதத்தில் அந்தப் பேச்சை அவர் எடுத்தது அதுதான் முதல் தடவை. நர்ஸ் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நான் குனிந்து, முழுக்கைச் சட்டையின் பட்டனை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.