ரசீது இல்லாத சக்கரங்கள்



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், வெளியே நின்ற என் சிறிய பச்சை நிறக் காரைச் சுற்றிச் சுற்றி வந்த ஒரு வாலிபத் தம்பி, "பாஸ்டர், இதைக் கட்டி முடிக்க மொத்தம் எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டார். "7,095 பவுண்டு" என்றேன். "இவ்வளவு துல்லியமாகவா சொல்வீர்கள்!" என்று வியந்தார். அந்தத் துல்லியத்தை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்ல அப்போது நேரமில்லை. உண்மையைச் சொன்னால், மனமும் இல்லை. என் மனைவியின் அனுமதியோடு இந்த வாரம் அதையே எழுதுகிறேன்.

கிட் கார் என்பதை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். தொழிற்சாலையில் முழுமையாகப் பொருத்தப்பட்ட காரை வாங்காமல், சட்டகத்தையும் தகடுகளையும் பாகங்களாக வாங்கி, எஞ்சின், கியர் பெட்டி முதலியவற்றைப் பழைய கார் ஒன்றிலிருந்து எடுத்து, வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் கார் அது. நாம் வாழும் இந்த இங்கிலாந்தில் இது நெடுநாளைய வழக்கம். காலின் சாப்மன் 1957இல் வெளியிட்ட லோட்டஸ் செவன் இவ்வகைக் கார்கள் பலவற்றுக்கு மூதாதை. அக்காலத்தில் முழுமையான புதுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கினால் இல்லை. ஆகவே சிக்கனம்தான் இந்தக் கலையின் தாய். அந்தச் சாப்மன் 1952இல் தம் நிறுவனத்தைத் தொடங்கியதே, பின்னாளில் தமக்கு மனைவியான ஹேசல் வில்லியம்ஸ் கடனாகக் கொடுத்த 25 பவுண்டைக் கொண்டுதான். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1996இல் ரான் சாம்பியன் எழுதிய ஒரு நூல், 250 பவுண்டிலேயே ஒரு ஸ்போர்ட்ஸ் காரைக் கட்டலாம் என்று தலைப்பிலேயே அறிவித்தது. எத்தனையோ கணவர்களைக் காரேஜுக்குள் இறக்கிய தலைப்பு அது. ஆனால் அந்தச் சிக்கனத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. இரும்புக் குழாய்களை நீங்களே அறுத்து, நீங்களே வெல்டிங் செய்து, பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றின் பாகங்களைப் பொருத்த வேண்டும். எனக்குக் கிரேக்கமும் எபிரெயமும் ஓரளவு தெரியும். அவற்றைக் கொண்டு இரும்பை ஒட்ட முடியாது. ஆகவே ஆயத்தமாக வெல்டிங் செய்யப்பட்ட சட்டகத்தை விலை கொடுத்து வாங்கத் தீர்மானித்தேன்.

எங்கள் மகன் பல்கலைக்கழகம் சென்ற ஆண்டு அது. வீடு வெறிச்சோடியது, காரேஜும் காலியாக இருந்தது. ஒரு சனிக்கிழமை மாலை நானும் மனைவியும் சமையலறை மேசையில் உட்கார்ந்து கணக்கிட்டோம். சட்டகமும் தகடுகளும் அடங்கிய கிட் 2,900 பவுண்டு; துருப்பிடித்து ஓட்டத் தகுதியிழந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று 700; டயர், பிரேக், பேரிங், ரப்பர்க் குழாய்கள் 900; இருக்கை, விளக்கு, வர்ணம் 800; சோதனை, பதிவு, போக்குவரத்து 700; எதிர்பாராத செலவுக்கு 1,000. மொத்தம் 7,000. "இதற்கு மேல் ஒரு பவுண்டும் இல்லை" என்றேன் நான். அவள் ஒரு புதிய நோட்டுப் புத்தகத்தில் அதை எழுதிவைத்தாள். நாகர்கோவிலில் பள்ளி ஆசிரியராயிருந்த என் தகப்பனார், கிழித்த தினக்காட்டித் தாளின் பின்புறத்தில் நாலணாச் செலவையும் எழுதிவைப்பார். அவருடைய மகன் நான் என்ற பெருமிதம் அன்று எனக்கு இருந்தது.

அந்த மாதத்திலேயே, லூக்கா 14ஆம் அதிகாரத்தில் வருகிற கோபுரம் கட்டுகிறவனைக் குறித்து நம் சபையில் பிரசங்கித்தேன். அந்த உவமை கட்டடக் கணக்கைப் பற்றியதல்ல, சீஷத்துவத்தின் விலையைப் பற்றியது என்று இறையியல் கல்லூரியில் கற்றதை விளக்கினேன். பிரசங்கம் நன்றாயிருந்தது என்று பலர் சொன்னீர்கள்.

இனி, பணம் எங்கே கசிகிறது என்பதைச் சொல்கிறேன். பெரிய பொருள்களில் அல்ல. அவற்றின் விலை நமக்கு முன்பே தெரியும்; பேரம் பேசி, பயந்து பயந்து வாங்குகிறோம். விலைப்பட்டியலில் வரி சேர்க்கப்படவில்லை என்பது பணம் செலுத்தும்போதுதான் கண்ணில் பட்டது. கிட்டைக் கொண்டுவந்து இறக்கத் தனிக் கூலி. பிறகு துருப்பிடிக்காத திருகுகள், ரிவெட்டுகள், பிரேக் குழாயின் இணைப்புகள், பிரேக் எண்ணெய், முறிந்துபோன துளையிடும் ஊசிகள், டார்க் ரெஞ்ச் ஒன்று, எஞ்சினைத் தூக்கும் சாதனத்துக்கு இரண்டு முறை வாடகை. ஒவ்வொன்றும் பத்து, இருபது பவுண்டு. இவற்றுக்கென்று எங்கள் நோட்டில் ஒரு வரிகூட இல்லை. முடிவில் கூட்டிப் பார்த்தபோது இவை மட்டும் 640 பவுண்டு.

"இதைத்தான் கழற்றிவிட்டோமே, அதையும் மாற்றிவிடலாமே" என்ற எண்ணம் அடுத்த கசிவு. எஞ்சின் வெளியே இருக்கிறது, கிளட்சை மாற்றிவிடலாம். கிளட்சைக் கழற்றியாயிற்று, பின்னாலுள்ள ஆயில் சீலையும் மாற்றிவிடலாம். இதில் நியாயமும் உண்டு. பிரேக், ஸ்டியரிங், டயர், இருக்கைப் பட்டை ஆகியவற்றில் சிக்கனம் பார்ப்பது பாவம் என்றே சொல்வேன். ஆனால் நியாயமான செலவு பழகிய கைக்கு, நியாயமற்ற செலவு எங்கே தொடங்குகிறது என்பது தெரியாமற்போகிறது. ஏழாம் மாதத்திலேயே, எதிர்பாராத செலவுக்கென்று வைத்த 1,000 பவுண்டு தீர்ந்துபோயிற்று.

அப்போதுதான் அந்தச் சக்கரங்களைக் கண்டேன். நான்கு அலாய் சக்கரங்கள், 520 பவுண்டு. மாஸ்டாவின் பழைய சக்கரங்கள் நல்ல நிலையில்தான் இருந்தன, அழகாயில்லை, அவ்வளவே. அதோடு, கழற்றி மாட்டக்கூடிய சிறிய ஸ்டியரிங் வளையம் ஒன்று, 140 பவுண்டு. அந்த ஆண்டு இரண்டு திருமணங்களிலும் ஒரு கன்வென்ஷன் கூட்டத்திலும் எனக்குக் கிடைத்த காணிக்கைப் பணம் கையில் இருந்தது. இது வீட்டுப் பணம் அல்லவே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சக்கரங்கள் பழையனவாய், மலிவாய்க் கிடைத்தன என்று மனைவியிடம் சொன்னேன். ரசீதுகள் இரண்டையும் என் படிப்பறையில் இருந்த கிரேக்க அகராதிக்குள் வைத்தேன். அந்த வீட்டில் என்னைத் தவிர வேறொருவரும் திறக்காத புத்தகம் அது.

இதே ஆண்டில்தான், நம் சபை மண்டபத்தின் கூரைச் செலவுக்கு ஒரு 35 பவுண்டு ரசீது காணவில்லை என்று பொருளாளரை மூன்று வாரம் கேள்வி கேட்டேன். அந்தச் சகோதரரிடம் தனியே மன்னிப்புக் கேட்டுவிட்டேன், இங்கேயும் கேட்டுக்கொள்கிறேன்.

கார் ஏறக்குறைய முடிந்தது. வீட்டில் கட்டிய கார் சாலைக்கு வர இரண்டு வாசல்களைக் கடக்க வேண்டும். முதலாவது, தனி வாகன ஒப்புதலுக்கான ஐ.வி.ஏ. சோதனை. அடுத்தது, ஸ்வான்சியிலுள்ள வாகன உரிம அலுவலகத்தில் பதிவு. காரைத் தாமே கட்டியதற்குச் சான்றாக, கட்டும்போது எடுத்த புகைப்படங்களையும் பாகங்கள் வாங்கிய ரசீதுகளையும் அங்கே காட்ட வேண்டும். நான் ஒழுங்கற்றவன் என்பதை அறிந்த என் மனைவி, "அந்தக் கோப்பை நானே அடுக்கித் தருகிறேன்" என்றாள். ஒரு வாரம் மாலைதோறும் தேதிவாரியாக அடுக்கினாள்.

ஒரு மாலை, ஒரு புகைப்படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இந்தச் சக்கரத்துக்கு ரசீது எங்கேங்க?"

நான் எழுந்துபோய் அகராதியை எடுத்து வந்தேன். அதைத் திறந்து மேசைமேல் வைத்தேன். அவள் இரண்டு தாள்களையும் படித்தாள். கோபித்துக்கொள்ளவில்லை. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, பென்சிலால் 660 என்று எழுதினாள். பிறகு பக்கங்களைப் பின்னுக்குத் திருப்பி ஒரு வரியை எனக்குக் காட்டினாள். டிசம்பர் மாதத்தில் அவள் எழுதியது: "அம்மாவைப் பார்க்கப் போவது அடுத்த வருஷம்." அந்த ஆண்டு அவளுடைய தாயாருக்குக் கண் அறுவைச் சிகிச்சை நடந்தது. கார்ச் செலவு கைமீறுகிறது என்று கண்டு, என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல், திருவனந்தபுரத்துக்குப் போகும் விமானச் சீட்டை அவள் தவிர்த்திருந்தாள். அந்தச் சீட்டின் விலையும் என் ரசீதுகளின் தொகையும் கிட்டத்தட்ட ஒன்றே.

பிரியமானவர்களே, நான் 7,000 பவுண்டுக்கு மேல் செலவு செய்வதை என்னுடைய வரம்பை நானே மீறுவதாக எண்ணியிருந்தேன். என் வரம்பு, மீறினால் என் பாடு என்று நினைத்தேன். ஆனால் நான் மீறிய ஒவ்வொரு பவுண்டையும் வேறொருவர் தம் பங்கிலிருந்து சத்தமில்லாமல் குறைத்துக்கொண்டிருந்தார். ஹேசல் கொடுத்த 25 பவுண்டைப் பற்றி இப்போது நினைத்துப் பாருங்கள். காரின்மேல் கட்டுகிறவனின் பெயர்தான் நிற்கும். அதற்கு இடம்கொடுத்தவரின் பெயர் நிற்பதில்லை.

அந்த வாரமே சக்கரங்களையும் ஸ்டியரிங் வளையத்தையும் விற்றேன். 500 பவுண்டு கிடைத்தது; 160 நஷ்டம். அந்தப் பணத்தோடு இன்னும் சேர்த்து விமானச் சீட்டு வாங்கினோம். மார்ச் மாதம் அவள் தாயாரோடு மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தாள். சோதனைக் கட்டணமான 450 பவுண்டைச் சேர்க்க இன்னும் நான்கு மாதம் ஆயிற்று. அதுவரை கார் போர்வைக்குள் கிடந்தது. மாஸ்டாவின் மிஞ்சிய கதவுகள், கூரை, தகடுகளை விற்றதில் 460 பவுண்டு திரும்பி வந்தது. பழைய சக்கரங்களை நானே தேய்த்து வர்ணம் பூசினேன்.

முதல் சோதனையில் கார் தேறவில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புகள் கூர்மையாக இருக்கக்கூடாது, குறிப்பிட்ட அளவு வளைந்திருக்க வேண்டும் என்பது விதி. கண்ணாடியைத் தாங்கும் தகடு ஒன்று அந்த அளவுக்கு வளையவில்லை. மறுசோதனைக்கு 90 பவுண்டு. அந்த ரசீதை வீட்டுக்கு வந்தவுடனே நோட்டுப் புத்தகத்தின்மேல் வைத்தேன். பத்து மாதத்தில் முடிப்பேன் என்ற கார் பத்தொன்பது மாதத்தில் முடிந்தது. வரம்பை 95 பவுண்டு தாண்டினோம். அந்த 95உம் நாங்கள் இருவரும் சேர்ந்து தாண்டியது.

காரோ வீடோ மகளின் திருமணமோ, எதைக் கட்டுகிறவர்களுக்கும் என் அனுபவத்திலிருந்து சில சொற்கள். திருகுக்கும் எண்ணெய்க்கும் தனியாக ஒரு வரி எழுதுங்கள். வரியும் கூலியும் சேர்ந்த விலையையே விலை என்று கொள்ளுங்கள். எதிர்பாராத செலவுக்கென்று ஒதுக்கியதை ஆசைக்குத் தொடாதீர்கள். ஒரு பொருளை வாங்குமுன், அதன் ரசீதை வீட்டு மேசையில் வெளிப்படையாக வைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால், அதன் விலை எவ்வளவு குறைவானாலும் உங்களுக்குக் கட்டாது.

கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஆண்டவர் சொன்னதை நான் பல முறை பிரசங்கித்திருக்கிறேன். நானும் உட்கார்ந்தேன், ஒரே ஒரு முறை. அதன்பின் எழுந்துபோய்த் தனியாக வாங்கத் தொடங்கினேன். இப்போது சனிக்கிழமைதோறும் நாங்கள் இருவரும் மேசையில் உட்காருகிறோம். கார் முடிந்து நாளாயிற்று; நோட்டுப் புத்தகம் இரண்டாம் தொகுதிக்கு வந்துவிட்டது.

கிரேக்க அகராதி என் மேசையில்தான் இருக்கிறது. அதற்குள் இப்போது சொற்கள் மட்டுமே உள்ளன.

அன்பின் பிதாவே, நாங்கள் மறைத்துவைக்கிற தாள்களை நீர் அறிவீர். எங்களுக்காகச் சத்தமில்லாமல் தங்கள் பங்கைக் குறைத்துக்கொள்கிறவர்களைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். ஆமென்.

உங்கள் போதகர்