பொருந்தாமை யாருடையது?

என் சிறுவயதில் லோத்குண்டாவில் எங்களுக்கு நான்கு மொழிகள் வேண்டியிருந்தன. கடைத்தெருவில் தெலுங்கு, பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும், வீட்டில் தமிழ். கோடை விடுமுறைக்கு ஊருக்குச் சென்றால் என் தமிழைக் கேட்டு உறவினர் சிரிப்பர். இங்கே என் தெலுங்கைக் கேட்டு அண்டை வீட்டார் சிரிப்பர். “இவள் எங்குமே பொருந்தமாட்டாள்” என்று அத்தை ஒருவர் கூறிய சொல் நெடுநாள் என் மனத்தில் தைத்திருந்தது.

பின்னாளில் டென்மார்க் நாட்டு எழுத்தாளர் ஆண்டர்சன் 1843ஆம் ஆண்டில் வெளியிட்ட வாத்துக்குஞ்சின் கதையைப் படித்தேன். அழகற்றது என்று பிற வாத்துகள் இகழ்ந்த குஞ்சு, இறுதியில் அன்னமாக வளர்கிறது. கதை இனியதுதான். ஆயினும் எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. அக்குஞ்சு அன்னமாக வளராதிருந்தால், அதனை இகழ்ந்தது முறையாகிவிடுமா?

அதற்கான விடை நான் வாழும் நகரிலேயே கிடைத்தது. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், விமானப்படையில் சேர விரும்பி டேராடூனில் நடந்த தேர்வுக்குச் சென்றார். 25 பேருள் எண்மரே தேர்ந்தெடுக்கப்பட்டனர். கலாம் பெற்றது ஒன்பதாம் இடம். ஒரு பணிக்குத் தேர்வு பெறாதவர் எப்பணிக்கும் ஆகாதவர் அல்லர். 1982இல் அவர் ஐதராபாத்தில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தின் இயக்குநரானார்.

அக்னி ஏவுகணைக்காக உருவாக்கிய எடை குறைந்த பொருளை, நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர் கையில் எடுத்துப் பார்த்து வியந்தார். கலாமைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே கால் வலுவிழந்த சிறுவர் சிறுமியர், ‘காலிப்பர்’ எனப்படும் உலோகத் தாங்கிகளை அணிந்து, கால்களை இழுத்து இழுத்து நடந்தனர். ஒவ்வொரு தாங்கியும் மூன்று கிலோவுக்கும் மேற்பட்ட எடை கொண்டது. மூன்றே வாரங்களில் 300 கிராம் எடையுள்ள தாங்கிகள் செய்து தரப்பட்டன. குழந்தைகள் எளிதாக நடமாடினர். பெற்றோர் கண்களில் நீர் பெருகியது.

அக்குழந்தைகளின் கால்கள் முன்பு இருந்தவாறே இருந்தன. தாங்கிகள் மட்டுமே மாறின. ஆகவே, ஒருவரைப் பொருந்தாதவர் என்று கூறுமுன், அவர் எதற்குப் பொருந்தவில்லை என்று கேளுங்கள். அதனை மாற்ற இயலுமா என்றும் எண்ணிப் பாருங்கள். உங்கள் வகுப்பிற்குப் புதிதாக வந்த மாணவர் விளையாட்டில் சேர இயலாமல் ஒதுங்கி நின்றால், விளையாட்டின் விதி ஒன்றைச் சற்றே மாற்றி அவரை அழையுங்கள்.

சிந்தித்து எழுதுக

1. வாத்துக்குஞ்சின் கதையைப் படித்த ஆசிரியருக்கு எழுந்த ஐயம் யாது?
2. எல்லாரும் சேர்ந்து விளையாடுவதற்காக, உங்கள் விளையாட்டு ஒன்றில் எந்த விதியை மாற்றுவீர்கள்?