ஊசி போட்ட தர்பூசணி

2025 கோடையில ஒரு பேச்சு கிளம்பிச்சே, ஞாபகம் இருக்கா? தர்பூசணிக்கு ஊசி போட்டுச் சிவப்பாக்குறாங்க, வாங்காதீங்கன்னு. போனைத் திறந்தா அதே வீடியோதான். டவுன்ல இருக்கிற நீங்க ஒரு வாரம் அதைப் பேசிட்டு மாம்பழத்துக்குப் போயிட்டீங்க. திண்டிவனம் பக்கம் ரெண்டு ஏக்கர்ல தர்பூசணி போட்டிருந்த எனக்கு அந்த ஒரு வாரம்தான் வருசமே. டன் 11,000 ரூபாய்னு பேசிட்டுப் போன வியாபாரி அதுக்கப்புறம் போனை எடுக்கலை. அடுத்து வந்தவர் வரப்பு மேல நின்னுக்கிட்டே 3,000-னு சொன்னார். காய் முத்திட்டா கொடியில பத்து நாள் தாங்கறதே பெரிசு. அதுக்கு மேல விட்டா உள்ளே சதை மாவாப் போயிடும். ஏத்தி விட்டேன்.

ஒண்ணை மட்டும் சொல்லிடறேன். பழத்துல ஊசியால ஓட்டை போட்டா அந்த ஓட்டை வழியாவே அழுக ஆரம்பிச்சிடும். ஒரு வண்டி காய்க்கு உக்காந்து ஊசி போட எவனுக்கு நேரம் இருக்கு? சிவப்புக்குக் காரணம் லைக்கோபீன். தக்காளி சிவக்கிறதும் அதாலதான். சரி, அது முடிஞ்ச கதை.

அந்தக் கோடையிலதான் எங்க வீட்டுல நிஜமாவே ஊசியால தர்பூசணி தயாராக ஆரம்பிச்சுது. போட்டது என் வீட்டுக்காரி. ஊசின்னா கொக்கி ஊசி, குரோஷா போடறது. எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துல தையல் டீச்சர்கிட்ட கத்துக்கிட்டதாம். கல்யாணமான புதுசுல டிவிக்கு மேல ஒரு வெள்ளை விரிப்பு போட்டு வச்சிருந்தா. உங்கள்ல நாற்பது தாண்டினவங்க வீட்டுலயும் அந்த மாதிரி ஒண்ணு இருந்திருக்கும். டிவி சப்பையாகி சுவத்துல ஏறினதும் விரிப்புக்கு இடமில்லாமப் போச்சு, ஊசியும் டிரங்குப் பெட்டிக்குள்ள போயிடுச்சு. காலேஜ் படிக்கிற பொண்ணு லீவுக்கு வந்தப்போ, தர்பூசணித் துண்டு மாதிரியே பின்னின கோஸ்டர் படத்தை போன்ல காட்டி, "அம்மா, இது உன்னால முடியும்ல?"னு கேட்டா. பெட்டியில இருந்த ஊசி வெளிய வந்துச்சு.

கோஸ்டர்னா டம்ளருக்கு அடியில வைக்கிற வட்டம். டீப்பாய் மேல ஈரமும் சூடும் படாம இருக்கறதுக்கு. எங்க வீட்டுல டம்ளர் தரையில உக்காரும். எங்கம்மா ரெண்டு நாள் பேசாம பார்த்துட்டு, "ஏம்மா, டம்ளருக்கா பாய் முடையுற?"ன்னு மருமகளைக் கேட்டுது. வந்தவாசிக் கோரைப்பாய்க்குப் பக்கத்து ஊர்க்காரங்க நாங்க, அதனால அம்மாவுக்கு எல்லாமே பாய்தான்.

முதல்ல போட்டதைக் கொண்டுவந்து காட்டினா. நடுவுல சிவப்பு, சுத்திப் பச்சை, நட்டநடுவுல கறுப்பா விதை. தர்பூசணி வெள்ளாமைக்காரன்கிட்ட இதைக் காட்டினா சும்மா இருக்க முடியுமா? ஒரு காயைக் குறுக்கே வெட்டி முன்னாடி வச்சேன். விதை நடுவுல இருக்காது. நடுச்சதை சுத்தமா இருக்கும், அதுதான் இனிப்பும் கூடின இடம். அதைத் தாண்டி வளையமா விதை நிக்கும். சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவுல வெள்ளைப் பட்டை ஒண்ணு கட்டாயம் உண்டு. அவ பழத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, பச்சையைப் பிரிச்சுட்டு வெள்ளை நூல் எடுத்தா. இப்போ அவ போடற கோஸ்டர்ல விதை நிக்கிற இடம் சரியா இருக்கும். அதுல எனக்குக் கொஞ்சம் பெருமை.

நீங்களும் போட்டுப் பார்க்கலாம். அவ சொல்லச் சொல்ல எழுதினதுதான் இது.

நூல் பருத்தியாத்தான் இருக்கணும். பேன்சி ஸ்டோர்ல பளபளன்னு கிடைக்கிற அக்ரிலிக் நூல் விலை குறைச்சல்தான், ஆனா தண்ணியை உறிஞ்சாது, சூட்டுக்கும் ஆகாது. சிவப்பு, வெள்ளை, பச்சைன்னு மூணு நிறம், விதைக்குக் கொஞ்சம் கறுப்பு. சிவப்பு நூலை முதல்ல ஈரமாக்கி ஒரு வெள்ளைத் துணியில தேய்ச்சுப் பாருங்க. சாயம் போற நூலா இருந்தா பக்கத்துல இருக்கிற வெள்ளைப் பட்டை ரோஸ் ஆயிடும். நடுத்தர மொத்த நூலுக்கு 4 மி.மீ. கொக்கி ஊசி போதும். ரொம்ப மெல்லிய நூல்ல ஆரம்பிக்காதீங்க, கண்ணும் வலிக்கும் மனசும் விட்டுப் போகும்.

செயின், சிங்கிள் குரோஷா, டபுள் குரோஷா, வட்டத்தை மூடற ஸ்லிப் தையல், இந்த நாலும் வந்தாப் போதும். வீடியோ பார்த்து அரை மணி நேரத்துல பிடிச்சிடலாம். ஒரு குழப்பம் மட்டும் வரும்: அமெரிக்காக்காரங்க சிங்கிள்னு சொல்றதை இங்கிலாந்துக்காரங்க டபுள்னு சொல்வாங்க. நான் இங்க சொல்றது அமெரிக்கக் கணக்கு.

சிவப்பு நூல்ல 4 செயின் போட்டு வளையமா மூடுங்க. அதுல இருந்து 3 செயின் எழுப்பினா அதுவே முதல் டபுள் குரோஷா. வளையத்துக்குள்ள இன்னும் 11 போட்டு மூடினா மொத்தம் 12. அடுத்த சுத்துல ஒவ்வொரு தையல்லயும் ரெண்டு ரெண்டு, ஆக 24. மூணாவது சுத்துல ஒண்ணுல ஒண்ணு, அடுத்ததுல ரெண்டு, இப்படியே போனா 36. சதை முடிஞ்சுது. தோல் மெல்லிசா இருக்கணும்னா இனி உயரம் குறைஞ்ச சிங்கிள் குரோஷா. வெள்ளை நூல்ல அஞ்சு தையல்ல ஒவ்வொண்ணு, ஆறாவதுல ரெண்டு, சுத்தி வந்தா 42. பச்சையில ஆறுல ஒவ்வொண்ணு, ஏழாவதுல ரெண்டு, மொத்தம் 48. கோத்து முடிங்க. நாலு அங்குலம், கொஞ்சம் கூடக்குறைய வரும். கறுப்பு நூலை மொட்டை ஊசியில கோத்து, ரெண்டாவது சுத்தும் மூணாவது சுத்தும் சேர்ற இடத்துல எட்டோ பத்தோ விதை தைங்க. இடம் தெரியும்ல? நடுவுல வேண்டாம்.

எண்ணிக்கை தப்பினா வட்டமே காட்டிக் கொடுத்திடும். தையல் கூடிப் போச்சுன்னா ஓரம் பொரிச்ச அப்பளம் மாதிரி நெளியும். குறைஞ்சா கிண்ணம் மாதிரி குவியும். எண்ணிக்கை சரியா இருந்தும் குவியுதுன்னா கை இறுக்கம்னு அர்த்தம். எங்க வீட்டுல சண்டை நடந்த அன்னிக்குப் போட்ட வட்டத்தை நான் பார்த்தே சொல்லிடுவேன், மத்ததை விட அரை அங்குலம் சின்னதா இருக்கும்.

இதே கணக்குல நிறத்தை மாத்தினா சாத்துக்குடி, எலுமிச்சை எல்லாம் வரும். சதை முடிஞ்சதும் வெள்ளை, அப்புறம் தோல் நிறம், மேல வெள்ளை நூலால நடுவுல இருந்து சுளைக் கோடு. ஒருத்தங்க கிவி கேட்டாங்க. அவ கிவி பழத்தை நேர்ல பார்த்ததில்லை, போடமாட்டேன்னுட்டா.

பொண்ணு ஒருநாள் ராத்திரி படிச்சுக் காட்டினது எனக்கு மறக்கலை. அயர்லாந்துல 1845-ல உருளைக்கிழங்குச் செடியில நோய் விழுந்து பெரிய பஞ்சம் வந்துச்சு. லட்சக்கணக்கான ஜனங்க செத்தாங்க, அதே அளவு கப்பலேறிப் போனாங்க. அந்தப் பஞ்சத்துலதான் அங்க விவசாயி வீட்டுப் பொம்பளைங்க குரோஷா லேஸ் பின்னி வித்து அடுப்பு எரிச்சிருக்காங்க. கன்னியாஸ்திரி மடங்கள்ல சொல்லிக்கொடுத்தாங்க. குளோன்ஸ்ங்கிற ஊர்ல பாதிரியார் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட் 1847-ல ஆரம்பிச்சு வச்ச வேலை அந்த ஊர்ப் பேராலயே இன்னிக்கும் இருக்கு. ரோஜா, இலை, திராட்சைக் கொத்துன்னு தனித்தனியாப் பின்னி, அப்புறம் ஒண்ணா இணைப்பாங்களாம். கிழங்கு அழுகின ஊர்ல நூல்ல திராட்சை பின்னியிருக்காங்க. கேட்டுக்கிட்டிருந்த எங்கம்மா, "அந்த ஊர்லயும் வெள்ளாமை போனா பொம்பளைதான் கையை ஓட்டணுமா?"ன்னுச்சு. நான் வாயைத் திறக்கலை.

இன்னொரு விஷயமும் பொண்ணு சொல்லித்தான் தெரியும். நீங்க போட்டிருக்கிற பனியனும் கண்ணி கண்ணியாப் பின்னின துணிதான், ஆனா திருப்பூர்ல மிஷின் பின்னிடும். குரோஷாவைக் கையில போடற மாதிரியே போடற மிஷின் சந்தையில இல்லை. அதனால மால்ல 150 ரூபாய்க்கு ஒரு நிஜக் குரோஷாப் பை தொங்குதுன்னா, எங்கேயோ ஒரு பொம்பளை உக்காந்து ஒவ்வொரு கண்ணியாக் கொக்கி போட்டு இழுத்திருக்கா. அவ கைக்கு என்ன போயிருக்கும்னு கணக்குப் போட்டுக்குங்க.

நான் போட்ட கணக்கு இது. ஒரு கோஸ்டருக்கு நூல் 15 ரூபாய். அவ வேகத்துக்கு 55 நிமிஷம். விலை 80. நூல் போக மணிக்கு 65, 70 ரூபாய் நிக்குது. என் கொல்லியில களை எடுக்க வர்ற அக்காமாருக்கு காலையில எட்டு மணியில இருந்து ஒரு மணி வரைக்கும் 250 கொடுக்கிறேன், அது மணிக்கு 50. அவங்க வெயில்ல குனிஞ்சு நிக்கிறாங்க, இவ மின்விசிறிக்குக் கீழ உக்காந்திருக்கா. ஆனா இவளுக்குத் தினமும் வேலை வராது. அந்தக் கோடையில இருந்து பொங்கல் வரைக்கும் 62 வித்திருக்கா. பொண்ணோட ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு ஒண்ணரை மாசம் வந்துச்சு. குடும்பம் இதுல ஓடுதுன்னு நான் கதை விடமாட்டேன்.

வாங்க வந்தவங்கள்ல ஒரு அம்மா, "தர்பூசணிப் பழமே முழுசா அம்பது ரூபாய்க்கு வருதே, இந்தத் துண்டுக்கு எண்பதா?"ன்னு கேட்டாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன். பழம் 65 நாள், நடவு, சொட்டுநீர்க் குழாய், மூடாக்கு ஷீட், உரம், ஆள்கூலின்னு சொல்ல ஆரம்பிச்சா அந்தம்மா பஸ்ஸை விட்டுடுவாங்க. இவ சிரிச்சுக்கிட்டே, "பழம் வேணும்னா அவர்கிட்ட வாங்கிக்குங்க, இது வேணும்னா என்கிட்ட"ன்னா. ரெண்டு வாங்கிட்டுப் போனாங்க.

அப்புறம்தான் சென்னையில இருந்து ஒரு கடைக்காரங்க கேட்டது. 200 வேணும், ஒண்ணுக்கு 35 தர்றோம்னு. மொத்தமா 7,000. எனக்கு ஆசைதான். வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்டிப் பழகின உடம்பு இது. மொத்தமாப் பணம்னு யாராவது சொன்னா கால் தானா வண்டிகிட்ட போகும். "கொடுத்துடேன், மாசம் ஒருமுறை ஆர்டர் வந்தா நல்லதுதானே"ன்னேன். நூல் போக 20 ரூபாய்க்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். களைக்கூலியில பாதி கூட இல்லை. அவ அந்தக் கணக்கையெல்லாம் எடுக்கலை. ஊசியை நிறுத்தாமலே கேட்டா:

"ஏங்க, அன்னிக்கு மூவாயிரத்துக்கு ஏன் ஏத்தி விட்டீங்க?"

"அழுகிடும்ல."

"இது அழுகாதுல்ல."

200-க்கு 75 வீதம், ரெண்டு மாசம் தவணைன்னு பொண்ணை விட்டு பதில் அனுப்பச் சொன்னா. அவங்க இன்னும் பதில் போடலை. பிஸ்கட் டின்ல நாற்பது வட்டம் அடுக்கி இருக்கு, பூச்சி வராம இருக்க நடுவுல வேப்பிலை போட்டு வச்சிருக்கா.

நான் இந்த வருசம் ஒரு ஏக்கர்தான் தர்பூசணி. மீதியில உளுந்து விதைச்சிருக்கேன், அதைக் காய வச்சு மூட்டையில கட்டி வைக்கலாம். அவ இப்போ டிராகன் பழத்துல இறங்கியிருக்கா. வெள்ளைச் சதை, கறுப்புப் புள்ளி, ரோஸ் தோல். வெளியில நீட்டிக்கிட்டிருக்கிற செதிலை எப்படிப் போடறதுன்னுதான் பிடிபடலை. ரெண்டு ஊர் தள்ளி ஒருத்தர் சிமெண்டுக் கம்பம் நட்டு அந்தச் செடி வச்சிருக்கார். நாளைக்கு அந்தப் பக்கம் போறப்போ ஒரு பழம் வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கா. குறுக்கே வெட்டிப் பார்த்துட்டுத்தான் ஊசி எடுப்பாளாம்.